டர்பன் மாணவர்களுக்கு: பாயிண்ட் தரும் முதல் கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜூலை விடுமுறை. கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை மாலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வங்கிகளின் விளம்பரத் தாள்களோடு வந்தாள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அக்கா, இதுல எந்த கார்டுக்குப் பாயிண்ட் ஜாஸ்தி?" என்று கேட்டாள். தாள்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல உன் பேங்க் ஆப்பைத் திற. கடைசி மூணு மாச ஸ்டேட்மெண்ட்டை எடு" என்றேன்.

பாயிண்ட் எதில் அதிகம் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டால் விளம்பரத் தாள்தான் உங்களுக்காகக் கார்டைத் தேர்ந்தெடுக்கும். அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கையும், அதற்குப் பிறகு செய்த வேலைகளையும் வரிசையாக எழுதுகிறேன். அப்பா கோயில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இங்கே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் கணக்கியல் படித்தேன். இப்போது ஒரு கடையின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் முதல் கார்டில் நான் பட்ட அடியும் இதில் வரும்.

முதல் வேலை: பணம் எங்கே போகிறது?

மூன்று மாத ஸ்டேட்மெண்ட்டை எடுத்து ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் இரண்டில் ஒன்றை எழுதுங்கள்: கார்டில் கொடுத்ததா, ரொக்கமா. நம் ஊரில் இது மிக முக்கியம். மினிபஸ் டாக்ஸியில் பெரும்பாலும் கார்டு வாங்குவதில்லை. சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரையும் மிளகாயும் வாங்கினால் பெரும்பாலும் காசாகத்தான் கொடுப்போம். வளாகத்துக்கு வெளியே பன்னி சவ் (குடைந்த ரொட்டியில் கறி) வாங்கும் கடையிலும் பல நேரம் அப்படித்தான். ரொக்கமாகப் போகிற பணத்துக்கு எந்த வங்கியும் பாயிண்ட் தராது.

அந்தப் பெண்ணுக்கு மாதம் 4,500 ராண்ட் வருகிறது. வீட்டிலிருந்து 3,000, சனிக்கிழமைக் கடை வேலையில் 1,500. டாக்ஸிக்கு 900, மார்க்கெட்டுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 600, அம்மாவின் கையில் கொடுப்பது 700. இந்த 2,200 ராண்டும் ரொக்கம். சூப்பர் மார்க்கெட்டில் 1,100, போன் டேட்டாவுக்கு 350, மருந்துக்கடையில் 250, உடையும் மற்றதும் 400. கார்டில் போகக்கூடியது இந்த 2,100 மட்டும். மீதி 200 கையிருப்பு.

இப்போது பாயிண்ட்டைப் பாருங்கள். ஒரு கார்டு எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 2,100 ராண்டுக்கு மாதம் கிடைப்பது 21 ராண்ட். வருடத்துக்கு 252. அவ்வளவுதான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுக்கா இவ்வளவு பெரிய விளம்பரம்?" என்றாள். இந்த 21 ராண்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கட்டணம், வட்டி என்று எது வந்தாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

உங்களுக்குக் கார்டு கிடைக்குமா?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். அடுத்தது வருமானம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று சோதிக்காமல் யாரும் கடன் கொடுக்கக் கூடாது. அதனால்தான் மூன்று மாதச் சம்பளச் சீட்டோ ஸ்டேட்மெண்ட்டோ கேட்பார்கள். மாணவர் கார்டுக்குக் குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி வேறு. வீட்டிலிருந்து மாதாமாதம் ஒரே கணக்கில், ஒரே தேதியில் பணம் வந்தால் அதைக் காட்டுவது எளிது. ஒரு மாதம் அப்பா, மறுமாதம் மாமா, அதற்கடுத்த மாதம் கையில் காசு என்று வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே விண்ணப்பிக்க நினைப்பதற்கு மூன்று மாதம் முன்பே வீட்டில் சொல்லி இதை ஒழுங்கு செய்யுங்கள்.

என்எஸ்ஃபாஸ் என்ற அரசு உதவித்தொகையில் படிக்கிறவர்கள் அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அது சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் தங்குமிடத்துக்கும் வருகிற பணம். அது ஒரு மாதம் தாமதமானாலும் கார்டு பில் தாமதமாகாது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பு விசாவில் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விசா முடியும் தேதி பாஸ்போர்ட்டில் இருக்கும்போது அடமானம் இல்லாத கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். படிப்பு விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்பதால் வருமானமும் சிறியது. உங்களுக்குப் பாயிண்ட் தரும் டெபிட் கார்டே போதும். இந்த நாட்டில் வங்கிகளின் பாயிண்ட் திட்டங்கள் கிரெடிட் கார்டுக்கு மட்டும் உரியவை அல்ல. மாணவர் கணக்கின் டெபிட் கார்டிலும் பல வங்கிகள் பாயிண்ட் தருகின்றன. சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கிடைக்கும் பாயிண்ட்டுக்கு வட்டி கிடையாது.

அப்பா அம்மாவின் கார்டில் உங்கள் பெயருக்குத் துணைக் கார்டு வாங்கித் தருவதும் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் கடன் அவர்கள் பெயரில் இருக்கும். உங்கள் பெயரில் கடன் வரலாறு வளராது.

கிரெடிட் கார்டு எதற்கு?

மாதம் 21 ராண்டுக்காக என்றால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மாணவருக்குக் கிரெடிட் கார்டால் வரும் நிஜமான லாபம் கடன் வரலாறு. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் கார் கடன், வாடகை வீடு, போன் ஒப்பந்தம் என்று எதற்குப் போனாலும் டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற கிரெடிட் பீரோக்களில் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சிறிய லிமிட்டில் ஒரு கார்டு, மாதாமாதம் முழுத்தொகையும் தவறாமல் கட்டியது, இரண்டு வருடம்: இது இருந்தால் பேச்சே வேறு. பாயிண்ட் இதற்கு மேல் வரும் கொசுறு. கொசுறுக்காகச் சரக்கை வாங்கக் கூடாது.

பாயிண்ட் திட்டத்தை வாசிக்கும் முறை

எஃப்என்பி வங்கியில் ஈபக்ஸ், ஸ்டாண்டர்ட் பேங்கில் யூகவுண்ட், நெட்பேங்கில் கிரீன்பேக்ஸ், ஆப்சாவில் ஆப்சா ரிவார்ட்ஸ், டிஸ்கவரி பேங்கில் வைட்டாலிட்டி மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் தோண்டுங்கள்.

முதலில், ஒரு பாயிண்ட் எத்தனை காசு? பத்து ஈபக்ஸ் சேர்ந்தால்தான் ஒரு ராண்ட். "5,000 ஈபக்ஸ்" என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். கையில் வருவது 500 ராண்ட். எந்தத் திட்டமானாலும் பாயிண்ட்டை ராண்டாக மாற்றி எழுதிவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

அடுத்து, "வரை" என்ற சொல். விளம்பரத்தில் "இத்தனை சதவீதம் வரை" என்று இருந்தால், அது உச்சப் படியில் நிற்பவருக்கு. ஈபக்ஸிலும் யூகவுண்டிலும் ஐந்து படிகள் உண்டு. மாதம் எவ்வளவு பணம் கணக்கில் வருகிறது, அந்த வங்கியில் வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள், ஆப்பைப் பயன்படுத்துகிறீர்களா என்றெல்லாம் பார்த்துத்தான் படி ஏற்றுவார்கள். மாணவர் பெரும்பாலும் கீழ்ப் படியில்தான் நிற்பார். எனவே விளம்பரத்தின் பெரிய எண்ணை விட்டுவிட்டு, முதற்படிக்கு என்ன கிடைக்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அந்த அட்டவணை விதிமுறைத் தாளில் இருக்கும், முன்பக்கத்தில் இருக்காது. படி ஏறுவதற்காக இன்னொரு காப்பீடு, இன்னொரு கணக்கு என்று எடுத்தால் அதற்கும் மாதச் செலவு உண்டு.

மூன்றாவது, எங்கே சேரும், எங்கே செலவாகும்? உங்கள் 1,100 ராண்ட் எந்த சூப்பர் மார்க்கெட்டில் போகிறதோ அங்கே கூடுதல் பாயிண்ட் தருகிற கார்டுக்குத்தான் உங்களிடம் மதிப்பு. பெட்ரோலுக்கு எவ்வளவு தந்தாலும் டாக்ஸியில் போகிறவருக்கு அது வெறும் காகிதம். விமான நிலைய ஓய்வறையும் அப்படித்தான். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் அதற்காக மாதக் கட்டணம் கட்டத் தேவையில்லை. டேட்டாவும் ஏர்டைமும் வாங்கப் பாயிண்ட்டைப் பயன்படுத்தலாம் என்றால் அது மாணவருக்கு உண்மையிலேயே உதவும். பாயிண்ட் காலாவதியாகுமா, கணக்கை மூடினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2011இல் வந்த பிக் அன் பேயின் ஸ்மார்ட் ஷாப்பர், 2019இல் வந்த செக்கர்ஸின் எக்ஸ்ட்ரா சேவிங்ஸ், கிளிக்ஸ் மருந்துக்கடையின் கிளப்கார்ட் என்று கடைகளே தரும் அட்டைகள் எல்லாம் இலவசம். வங்கியோடு சம்பந்தமில்லை, வட்டி கிடையாது. எக்ஸ்ட்ரா சேவிங்ஸில் பாயிண்ட் சேர்க்கும் வேலையும் இல்லை. கல்லாவிலேயே விலை குறையும். எண்ணெய், அரிசி, பருப்பு வாங்கும் நாளில் அந்தக் குறைப்பு வங்கிப் பாயிண்ட்டைவிடப் பெரிதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணமும் வட்டியும்

இங்கேதான் அந்த 21 ராண்டை எடுத்து வைக்க வேண்டும். கடன் கணக்குக்கு மாதச் சேவைக் கட்டணம் அதிகபட்சம் 60 ராண்ட் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 15 சதவீத வாட் வரி சேர்ந்தால் 69. மாணவர் கார்டுகளில் இதைவிடக் குறைவாக வாங்குவார்கள். ஆனால் 40 ராண்ட் வாங்கினாலே உங்கள் 21 ராண்ட் பாயிண்ட் போய், மேலே 19 ராண்ட் கையை விட்டுப் போகிறது. பாயிண்ட் திட்டத்தில் சேர்வதற்கென்றே தனி மாதக் கட்டணம் வைத்திருக்கும் வங்கியும் உண்டு. அது ஸ்டேட்மெண்ட்டில் வேறொரு வரியில் வரும். என்னிடம் முதல் கார்டை விற்ற வங்கி அதைச் சொல்லவே இல்லை. எட்டு மாதம் கழித்துத்தான் நான் அந்த வரியைக் கவனித்தேன். அதுவரை நான் சேர்த்த பாயிண்ட்டின் மதிப்பு, கட்டிய கட்டணத்தில் பாதிகூட இல்லை.

தொடக்கக் கட்டணமும் கேட்பார்கள். அதற்கும் உச்சவரம்பு உண்டு: முதல் 1,000 ராண்டுக்கு 165, அதற்கு மேல் உள்ள தொகையில் 10 சதவீதம். 3,000 ராண்ட் லிமிட்டுக்குக் கணக்குப் போட்டால் வாட் இல்லாமல் 365 ராண்ட் வரை கேட்கலாம். அந்தப் பெண்ணின் ஒரு வருடப் பாயிண்ட் 252. இந்த ஒரு கட்டணத்திலேயே முதல் வருடம் நஷ்டம். தொடக்கக் கட்டணம் வாங்காத மாணவர் கார்டைத் தேடுங்கள்.

வட்டிக்கு வருவோம். கார்டு வட்டியின் உச்சவரம்பு, தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (அது வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 14 சதவீதம் சேர்த்தது. 2025 ஜூலை இறுதியில் ரெப்போ 7 சதவீதம் ஆனது. அப்படியென்றால் அப்போது உச்சம் 21. கடன் வரலாறே இல்லாத மாணவருக்கு உச்சத்தை ஒட்டியே வட்டி போடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 ராண்டைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால் வட்டி மட்டும் 52 ராண்ட் 50 காசு. இரண்டரை மாதப் பாயிண்ட் ஒரே மாதத்தில் கரைந்துவிடும்.

கார்டோடு சேர்த்து கடன் ஆயுள் காப்பீடு என்று ஒன்றை நீட்டுவார்கள். வேறு காப்பீடு உங்களிடம் இருந்தால் அதைக் காட்டலாம். அவர்களுடையதையே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

"ஸ்ட்ரெய்ட்டா, பட்ஜெட்டா?"

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளிலும் பலருக்குப் புரிவதில்லை. கிரெடிட் கார்டை மெஷினில் செருகியதும், கல்லாவில் இருப்பவர் தலையைத் தூக்காமலே இதைக் கேட்பார். அல்லது மெஷினின் சின்னத் திரையில் இரண்டு வார்த்தைகளும் வரும். ஸ்ட்ரெய்ட் என்றால் அந்த மாத பில்லில் முழுத்தொகையும் சேரும். பட்ஜெட் என்றால் தவணை. ஆறு மாதம் தொடங்கி அறுபது மாதம் வரைகூட. பட்ஜெட்டில் போட்டதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. லேப்டாப் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். 9,000 ராண்ட். பின்னால் வரிசை நீண்டிருந்தது. கல்லாவில் இருந்த அண்ணன் கேட்டதும், பட்ஜெட் என்றால் சிக்கனம் என்று நினைத்து "பட்ஜெட்" என்றேன். "எத்தனை மாசம்?" என்றார். எனக்கு முன்னால் நின்றவர் இருபத்து நாலு என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. நானும் அதையே சொன்னேன். பின் எண்ணை அழுத்தினேன், சீட்டு வந்தது, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சீட்டின் அடியில் "24" என்று அச்சாகியிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அதே விலையை 21 சதவீத வட்டியில் 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதத் தவணை ஏறக்குறைய 462 ராண்ட். மொத்தம் கட்டுவது சுமார் 11,100. வட்டி மட்டும் 2,100. இந்த 9,000 ராண்டுக்கு 1 சதவீதத்தில் வரும் பாயிண்ட் 90 ராண்ட். நீங்களே சொல்லுங்கள்.

தெரியாமல் பட்ஜெட்டில் போட்டுவிட்டால் பதற வேண்டாம். கடனை எந்த நேரத்திலும் முன்கூட்டியே அடைக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கிரெடிட் கார்டுக்கு அதற்கு அபராதம் கிடையாது. வங்கிக்குப் போன் செய்து, பட்ஜெட் கணக்கில் உள்ளதை அடைத்துவிடச் சொல்லிப் பணம் கட்டுங்கள். சும்மா கார்டில் பணம் போட்டால் அது பட்ஜெட் பக்கம் போகாமல் ஸ்ட்ரெய்ட் பக்கமே நிற்கலாம். ஆகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை.

55 நாள் எப்படி வருகிறது?

எல்லா விளம்பரத்திலும் "55 நாள் வரை வட்டி இல்லை" என்று இருக்கும். இங்கும் அதே "வரை". உங்கள் ஸ்டேட்மெண்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 15 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 16 அன்று புத்தகம் வாங்கினால் அது ஏப்ரல் 15 ஸ்டேட்மெண்ட்டில்தான் வரும். கட்டக் கடைசி நாள் அதிலிருந்து 25 நாள் கழித்து, மே 10. மொத்தம் 55 நாள். அதே புத்தகத்தை மார்ச் 14 அன்று வாங்கியிருந்தால் மறுநாளே ஸ்டேட்மெண்ட் வந்துவிடும். கிடைப்பது 26 நாள். பெரிய செலவு இருந்தால் ஸ்டேட்மெண்ட் தேதிக்கு மறுநாள் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு நிபந்தனை: கடைசி நாளுக்குள் முழு பாக்கியையும் கட்டினால்தான் இந்தச் சலுகை. ஸ்டேட்மெண்ட்டில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு சின்ன எண் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதை மட்டும் கட்டினால் கணக்கு கெடாது, ஆனால் மீதிக்கு வட்டி ஏறும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்து வட்டி, மேலே கட்டணம், பாயிண்ட்டும் கிடையாது.

விண்ணப்பம்

அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று, பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, வருமானச் சான்று. முகவரிக்குச் சான்று கேட்பது, கள்ளப்பணத்தைத் தடுக்கும் ஃபிகா சட்டத்தால். விடுதியில் இருப்பவர்கள் விடுதி அலுவலகத்தில் கடிதம் வாங்கலாம்.

ஒரே நேரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பீரோவில் பதிவாகும். அடுத்தடுத்துப் பார்த்தால் பணத்துக்குத் தவிக்கிறவர் போலத் தெரியும். தாளில் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து அதில் மட்டும் போடுங்கள். மறுத்துவிட்டால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கலாம். கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த நாட்டின் அரசியலமைப்பு 6ஆம் பிரிவில், வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. அது நமக்குப் பெருமைதான். ஆனாலும் வங்கித் தாள் தமிழில் வராது. சாதாரண ஆளுக்குப் புரிகிற எளிய மொழியில் தரவேண்டும் என்று கடன் சட்டம் சொல்கிறது. புரியாத வரியில் பேனாவால் கோடு போட்டு, "இதை விளக்குங்க" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

லிமிட்டை நீங்களே சொல்லுங்கள். மாதம் கார்டில் போகும் தொகைக்கு மேல் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது 2,000 ராண்ட். லிமிட்டைத் தானாக ஏற்றும் வசதிக்குச் சம்மதம் கேட்டு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். டிக் போடாதீர்கள், சம்மதம் இல்லாமல் அவர்களாக ஏற்ற முடியாது.

துணிக்கடையில் தள்ளுபடி தருகிறேன் என்று அங்கேயே ஸ்டோர் அக்கவுண்ட் திறக்கச் சொல்வார்கள். அதுவும் கடன்தான், அதற்கும் வட்டியும் கட்டணமும் உண்டு. தீபாவளித் துணிக்கு அவசரம் என்றால் லே-பை கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முடிந்ததும் துணியை வாங்கிக்கொள்வது, வட்டி கிடையாது. சாட்ஸ்வர்த்தில் பாட்டிமார்களைக் கேட்டால் கிரே ஸ்ட்ரீட் கடைகளில் அப்படித்தான் சேலை எடுத்தோம் என்பார்கள்.

கார்டு வந்த பிறகு

முதல் நாளே ஆப்பில் டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து பில் தானாகக் கட்டப்படும் ஏற்பாடு) போடுங்கள்: முழு பாக்கியும், உங்களுக்குப் பணம் வரும் தேதிக்கு இரண்டு நாள் கழித்து. "குறைந்தபட்சத் தொகை" என்ற தேர்வு முன்னதாகவே டிக் ஆகியிருக்கலாம், மாற்றுங்கள். வெளிநாட்டு இணையதளத்தில் கார்டைப் பயன்படுத்தினால் தனிக் கட்டணம் விழும். பாயிண்ட்டைச் சேர்த்து வைத்து அழகு பார்க்காமல் அவ்வப்போது டேட்டாவாக மாற்றிவிடுங்கள்.

வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டாலோ, ஆப்பில் "சம்மதம்" அழுத்தச் சொன்னாலோ போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். "உங்க பாயிண்ட் காலாவதியாகுது" என்று சொல்லித்தான் பல அழைப்புகள் தொடங்கும். போனில் திடீரென சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டால் சிம் மாற்று மோசடியாக இருக்கலாம்; வேறு போனிலிருந்து உடனே வங்கிக்குச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பீரோவிலிருந்தும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

கட்ட முடியாத மாதம் வந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். மறைப்பதால் வட்டி நிற்காது. வங்கியோடு தகராறு தீரவில்லை என்றால் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஓம்புட் அமைப்பிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கி, கடன், காப்பீடு என்று தனித்தனியாக இருந்தவற்றைச் சேர்த்து 2024 மார்ச் 1 முதல் ஒரே அமைப்பாக இயங்குகிறது. கடனைக் கட்ட முடியாதவருக்குத் தவணைகளை மாற்றி அமைக்கும் டெட் ரிவ்யூ என்ற வழியும் சட்டத்தில் உண்டு, ஆனால் அதில் இருக்கும்வரை புதுக் கடன் எதுவும் வாங்க முடியாது. 2,000 ராண்ட் லிமிட்டில் அந்த நிலை வராது.

அந்தப் பெண் மூன்று விளம்பரத் தாள்களில் இரண்டை அன்றே கிழித்துப் போட்டாள். மூன்றாவது வங்கியில் தொடக்கக் கட்டணம் இல்லை, பாயிண்ட் திட்டத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை, மாதக் கட்டணம் பத்து ராண்டுக்குள். அவள் போகும் சூப்பர் மார்க்கெட்டில் முதற்படிக்கே பாயிண்ட் உண்டு. செப்டம்பரில் கார்டு வந்தது. கல்லாவில் கார்டை நீட்டும்போதே, அவர்கள் கேட்பதற்கு முன்னால், "ஸ்ட்ரெய்ட்" என்று சொல்லிவிடுகிறாளாம். படிப்பு முடிந்ததும் மாணவர் கார்டு சாதாரணக் கார்டாக மாறும், மாதக் கட்டணமும் அன்றே ஏறும். அந்தக் கடிதம் வரும் மாதத்தில் மறுபடி ஸ்டேட்மெண்ட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.